ரெஃப்ரியின் நாற்காலி

அந்த டயாலிசிஸ் அறையில் சுவரில் எழுதி ஒட்டிய விதிகள் பல உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும். எடை பார்த்த பிறகே நாற்காலியில் உட்கார வேண்டும். ஊசி குத்திய கையைப் போர்வையால் மூடக் கூடாது. எங்கும் எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. காலியாகிவிட்ட நாற்காலியைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது.

ஒருவர் ஒரு தடவை வரவில்லை என்றால் வெளியூர் போயிருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். அடுத்த வாரமும் வரவில்லை என்றால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் அங்கே புதியவர் ஒருவர், கழுத்தில் தற்காலிகக் குழாயும் மிரண்ட கண்களுமாக உட்கார்ந்திருப்பார். மெஷினில் எந்த மணி அடித்தால் பயப்பட வேண்டும், எது அடித்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று எல்லாரும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நாற்காலியில் முன்பு இருந்தவரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். எப்போதோ ஒருவர் கேட்கப் போய், சிஸ்டர் உண்மையைச் சொல்ல, அன்று அந்த அறையில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாகிவிட்டதாக ஒரு கதை உலவியது. அதைப் பார்த்தவர் யாரும் இப்போது அங்கே இல்லை.

டைப்பிஸ்டம்மா அந்த அறைக்குப் பதினெட்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வாரத்தில் மூன்று நாள், மதிய ஷிஃப்ட். நன்றாக அடித்துப் பழகிய விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்புதான் அவரை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனது.

முதுகெலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி நிதானமாக விளக்கினார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தால் எடுக்க முடியாத ஒரு புரதம் இருக்கிறது. வருடக்கணக்கில் அது மூட்டுகளிலும் முதுகெலும்பிலும் படிந்து எலும்பை அரித்துவிடுகிறது. டைப்பிஸ்டம்மாவுக்கு இடுப்புப் பகுதியில் இரண்டு எலும்புகள் அப்படி அரிபட்டு, ஒன்றின் மேல் ஒன்று நழுவி, நடுவில் இருக்கும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தன. திருகாணியும் கம்பியும் போட்டு அவற்றை ஒன்றோடொன்று இணைக்கலாம்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எது எதைத் தாங்குகிறது என்று பார்க்கிறவர்.

"கரையான் அரிச்ச கதவுல தாழ்ப்பாள் போடற மாதிரி இல்லையா டாக்டர்? ஸ்க்ரூ எதைப் பிடிச்சுக்கும்?"

மருத்துவர் சிரிக்கவில்லை. தன்னுடைய கவலையும் அதுதான் என்றார். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் முடிவுகளை வைத்து உங்களுக்கு நம்பிக்கை சொன்னால் அது பொய்யாகிவிடும் என்றார். தன்னிடம் வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வலி குறைந்து நடந்தார்கள். சிலருக்குப் புண்ணில் சீழ் வைத்தது, சிலருக்குத் திருகாணி தளர்ந்து மறுபடி திறக்க வேண்டி வந்தது. சிலர் இதயம் தாங்காமல் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. நன்றாக ஆனவர்களுக்கும் சில வருடம் கழித்து மேலே உள்ள எலும்பு சரியலாம். செய்யாமல் விட்டால் முதலில் இடது பாதம் செயல் இழக்கும், பிறகு இரண்டு காலும்.

"யோசிங்க. ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க," என்றார். "பாதம் விழுந்து நாளாயிட்டா, அப்புறம் நான் பண்ணினாலும் நரம்பு திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டைப்பிஸ்டம்மாவுக்கு ஒரே கணக்குத்தான் ஓடியது. அறுவை சிகிச்சைக்குப் படுத்தால் எழுந்திருக்காமல் போகலாம். படுக்காவிட்டால் நடக்காமல் போகலாம். இரண்டில் எது தனக்கு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவருக்கு எதிர் நாற்காலிக்காரரை எல்லாரும் ரெஃப்ரி என்பார்கள். கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியவர். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் தண்ணீர் அதிகம் குடித்து எடை ஏற்றிக்கொண்டு வருபவர்களுக்குச் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டை காட்டுவார். அதிகம் வாங்கியவர் பேக்கரிக்காரர். "எனக்கு மட்டும் ஏன் சார்?" என்று அவர் கேட்டால், "பந்து மாதிரி வீங்கி வர்றது நீங்க ஒருத்தர்தானே," என்பார் ரெஃப்ரி. அவருக்கும் முதுகில் அதே அரிப்பு, அதே மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"முதல்ல அவர் கேஸ்ல தீர்ப்பு வரட்டும்," என்றார் டைப்பிஸ்டம்மா கணவரிடம். "அதைப் பாத்துட்டு நம்ம கேஸை எடுத்துக்கலாம்."

கணவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரெஃப்ரி கடைசியாக வந்த அன்று யாரும் விசேஷமாக எதுவும் பேசவில்லை. இடைவேளை மாதிரிதான், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் வரவில்லை.

முதல் சில வாரம் டைப்பிஸ்டம்மா எதிர் நாற்காலியைப் பார்த்தபடியே மெஷினின் நேரத்தைக் கடத்தினார். அதன் பிறகு பார்ப்பதைத் தவிர்த்தார். ஒரு நாள் எடை பார்த்துவிட்டுத் திரும்பினால், அதில் பேக்கரிக்காரர் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் ஊசியைச் செருகிக்கொண்டிருந்தார். திரும்பி வரப் போகிறவரின் நாற்காலியில் அந்த அறையில் யாரும் உட்காரத் துணிய மாட்டார்கள். டைப்பிஸ்டம்மாவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவர் வேலை பார்த்த இடத்தில், யாரோ சொல்லக் கேட்டேன் என்று ஒரு சாட்சி ஆரம்பித்தாலே தட்டச்சு நின்றுவிடும். நீதிபதி அதைப் பதிவு செய்ய விட மாட்டார். இங்கே யாரும் எதுவும் சொல்லக்கூட இல்லை.

கணவர் ஃபோன் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். டைப்பிஸ்டம்மாவிடம் எண் இல்லை. பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்த மனிதருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு ஏறும் என்பது தெரியும். வீடு எந்தத் தெரு என்று தெரியாது. அங்கே நட்பு அப்படித்தான்.

"நான் வேணா சிஸ்டர்கிட்ட கேட்கறேன்," என்றார் கணவர்.

"கேட்காதீங்க. அவங்க முகம் மாறும். அதைப் பாத்துட்டு நான் எப்படி அங்க நாலு மணி நேரம் உட்கார்றது?"

அவர் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக வராந்தா பெஞ்சில் காத்திருந்தவர். அந்த அறையின் பழக்கம் அவருக்கும் ஒட்டியிருந்தது. மறுநாள் முதுகெலும்பு மருத்துவரின் அலுவலகத்துக்குச் சொல்லி, அடுத்து வந்து பார்க்க ஒதுக்கியிருந்த நேரத்தை ரத்து செய்தார்.

பிறகு நடந்ததெல்லாம் மருத்துவர் சொன்ன வரிசையில்தான் நடந்தது. முதலில் இடது செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமல் போனது. தெருமுனை வரை வந்த பிறகு, பின்னால் வந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து கொடுத்தார். அடுத்து, படியில் விரல்கள் இடறத் தொடங்கின. ஒரு காலை வாசலில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து கணவர் கை இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் பாதி நேரம் கடப்பதற்குள் வலி தாளாமல் இரண்டு தடவை மெஷினைச் சீக்கிரமே நிறுத்தச் சொன்னார். அப்படி நிறுத்தினால் உடம்பில் நீர் தேங்கும். அதனால் டயாலிசிஸ் மருத்துவர் அவரை மேல் மாடியில் கட்டில் உள்ள வார்டுக்கு, காலை நேரத்துக்கு மாற்றினார்.

அடுத்த முறை மேலே வந்துவிடுங்கள் என்று சிஸ்டர் சொன்னபோது டைப்பிஸ்டம்மா கையில் பிளாஸ்டரை அழுத்திப் பிடித்தபடி வாசலில் இருந்தார். சில நாளைக்குத்தான் என்று நினைத்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மேல் வார்டுக்குப் பின்பக்கச் சரிவுப் பாதை வழியாக, ஸ்ட்ரெச்சர் போகும் லிஃப்டில் ஏற வேண்டும். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. கணவர் அண்ணாந்து பார்த்து, இதற்குக் கிரீஸ் வைத்து எத்தனை காலமாகியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வார்டில் ஆறு கட்டில்கள். டைப்பிஸ்டம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணை சொருகி, ஊசி குத்தி முடித்த நேரத்தில் எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எத்தனை கிலோ ஏத்திட்டு வந்தீங்க டைப்பிஸ்டம்மா?"

ஒரு கை கட்டிலுக்கு மேல் உயர்ந்து மஞ்சள் அட்டையைக் காட்டியது.

டைப்பிஸ்டம்மாவின் முகத்தைப் பார்த்த வார்டு நர்ஸ் ஓடி வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"நீங்க இருக்கீங்களா?" என்றார் டைப்பிஸ்டம்மா கடைசியில்.

"இருக்கேனே. ஏன், என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அதனாலதான்."

ரெஃப்ரிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் அவரும் அந்த அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்.

"அப்ப எத்தனை மாசமா செத்துக்கிடக்கேன்?"

"நாலு மாசம் ஆகப் போகுது."

"யாராவது அழுதாங்களா?"

"பேக்கரிக்காரர் உங்க சேர்ல உட்கார்ந்துட்டார். அங்கிருந்து பாத்தா டிவி நேரா தெரியுதாம்."

ரெஃப்ரி இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் அவருக்கு இன்னும் வலித்தது. அந்த ஆளுக்கு இனி சிவப்பு அட்டைதான் என்றார்.

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, டைப்பிஸ்டம்மா கேட்டார். எல்லாவற்றையும் கேட்டார். அவரும் மறைக்காமல் சொன்னார். அறுவை சிகிச்சை நாள் முழுக்க நீண்டது. அதன் பிறகு சில வாரம், முதுகில் ரத்தம் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போடாமலே டயாலிசிஸ் செய்தார்கள். குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டு பாதியில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்து மறுபடி திறந்து கழுவினார்கள். கீழே இருக்கும் ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருக்கிறது. மருத்துவர் அதைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். நீண்ட நேரம் உட்காரக் கூடாது என்பதால்தான் இந்தக் கட்டில். வலது கால் விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன. வாக்கர் பிடித்துத் தெருவாசல் வரை நடக்கிறார்.

"அப்ப ஜெயிச்சாச்சு."

"இந்த ஆட்டத்துல அப்படிக் கேட்கக் கூடாதும்மா. முன்னாடி ராத்திரி பூரா உட்கார்ந்தே இருப்பேன். இப்ப தூங்கறேன். இன்னொரு தடவை படுக்கச் சொன்னா படுப்பியான்னு கேட்டா, நான் படுப்பேன். என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க, வேற பதில் வரும். ஐசியூ வாசல்ல உட்கார்ந்தது அவதானே." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க ஏன் இன்னும் பண்ணிக்கலை? எனக்கு அடுத்து நீங்கதான்னு நினைச்சேன்," என்றார்.

டைப்பிஸ்டம்மா தன் கையிலிருந்து போகும் குழாயைப் பார்த்தார்.

"உங்க முடிவு தெரியட்டும்னு இருந்தேன்."

போர்வைக்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து கிடந்த டைப்பிஸ்டம்மாவின் இடது பாதத்தை ரெஃப்ரி பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே கீழ் அறையின் சிஸ்டர் மருந்துப் பெட்டி எடுக்க மேலே வந்தார். டைப்பிஸ்டம்மா அவரை நிறுத்தி, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. சிஸ்டர் பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொருவரிடம் தானாகச் சொல்லக் கூடாது, அது வேலையின் கட்டுப்பாடு என்றார்.

"ஆனா நீங்க கேட்டிருந்தா மேல இருக்கார்ங்கிறதையாவது சொல்லியிருப்பேன். ஒருத்தர்கூடக் கேட்கலை. உங்க எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்மா."

அவர் சொன்னது பொய்யில்லை.

மறுபடி காட்டப் போனபோது முதுகெலும்பு மருத்துவர் இடது பாதத்தைப் பிடித்து, மேலே தூக்கச் சொன்னார். அது எழவில்லை. எத்தனை வாரமாக இப்படி என்று கேட்டுவிட்டு, ஏன் முன்பே வரவில்லை என்பதைக் கேட்காமல் விட்டார். கேட்டிருந்தால்கூட டைப்பிஸ்டம்மாவுக்கு அவ்வளவு சுட்டிருக்காது. இப்போது செய்தால் வலி குறையலாம், வலது காலைக் காப்பாற்றலாம், இடது பாதம் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, மற்ற ஆபத்துகள் எல்லாம் அன்று சொன்னபடியே என்றார் மருத்துவர். கணவர் இந்தத் தடவை திருகாணியைப் பற்றிக் கேட்கவில்லை. எப்போது வந்து சேர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் டைப்பிஸ்டம்மா, "என்னங்க, கீழ நான் இப்ப செத்தாச்சு," என்றார்.

கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவர் சொன்னது கணவருக்கு உடனே விளங்கியது. ஆனால் டைப்பிஸ்டம்மா தன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பில் கை ஊன்றி ஒரு நிமிடம் நிற்பதை அவர் பல மாதமாகப் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் மாவு மூட்டை தூக்கியது என்பார். அவர் மூட்டை தூக்கி எத்தனையோ வருடமாகிறது. முதுகுக்கு வைத்தியம் பார்க்கப் போன ரெஃப்ரி போய்விட்டார். முதுகைக் காட்டிவிட்டு வந்த டைப்பிஸ்டம்மாவும் போய்விட்டார். பேக்கரிக்காரர் இதில் என்ன கணக்குப் போடுவார் என்று அவருக்குத் தெரியும். தானும் அதே கணக்கைப் போட்டவர்தான்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளன்று, மதிய ஷிஃப்ட் நேரம் பார்த்துக் கணவர் அவரைச் சக்கர நாற்காலியில் கீழ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டைப்பிஸ்டம்மாவின் நாற்காலியில் கழுத்தில் குழாயோடு ஒரு புதியவர் இருந்தார். பேக்கரிக்காரர்தான் முதலில் பார்த்தார். டிவி ரிமோட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"பயப்படாதீங்க, நான்தான்," என்றார் டைப்பிஸ்டம்மா. "மேல மாடியில இருந்தேன். ரெஃப்ரியும் அங்கதான் இருக்கார். சேரைத் திருப்பிக் கேட்கலை, ஆனா உங்களுக்கு ரெட் கார்டு போட்டு வச்சிருக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து, ரெஃப்ரி சொல்லச் சம்மதித்ததை எல்லாம் சொன்னார். தளர்ந்த திருகாணியையும் சொன்னார். தன் பாதத்தைப் பற்றியும், அது ஏன் இப்படி ஆனது என்பதையும் சொன்னார். இன்றைக்குச் சேரப் போகிறேன், எனக்கு எது நடந்தாலும், எது என்றாலும், சிஸ்டர் வந்து உங்களிடம் சொல்வார், நான் அனுமதி கொடுத்துவிட்டேன் என்றார்.

பேக்கரிக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "ரெஃப்ரி சார் நடக்கறாரா?"

"வாக்கர் வச்சுக்கிட்டு. தெருவாசல் வரைக்கும்."

அப்போது மூலையிலிருந்த ஒரு பெண் சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார். "ஜன்னல்கிட்ட ஒரு அம்மா இருப்பாங்களே சிஸ்டர், ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே. அவங்களும் மேலதான் இருக்காங்களா?"

சிஸ்டர் கையில் இருந்த குழாயை மாட்டி முடித்தார். டைப்பிஸ்டம்மாவைப் பார்த்தார், பிறகு கேட்ட பெண்ணைப் பார்த்தார்.

"இல்லம்மா. அவங்க இறந்துட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அந்தப் பெண் தலையசைத்தார். எங்கோ ஒரு மெஷின் மணி அடித்தது. அது எப்போதும் அடிக்கிற மணிதான். சிஸ்டர் போய் அணைத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து டைப்பிஸ்டம்மா கண் விழித்தார். கணவர் அவருடைய கையில் டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாயான ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடியது. காலில் இழுத்த வலி போயிருந்தது. அது போன இடம் வெறுமையாக இருந்தது. ஒரு சத்தம் நின்ற பிறகு காது அதைத் தேடுவதுபோல உடம்பு அதைத் தேடியது. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. புண்ணைத் திறந்து கழுவினார்கள். அந்த வாரம் இதயத் துடிப்பு தடுமாறி ஓர் இரவு முழுக்க மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றதாகக் கணவர் பின்னால் சொன்னார். சாவு எவ்வளவு நெருங்கி வந்தது என்று அவர் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்து இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினார். இடது பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி கட்டினார்கள். அது தானாக அசையவே இல்லை.

மேல் வார்டுக்குத் திரும்பிய முதல் நாளே சிஸ்டர் படியேறி வந்தார்.

"கீழ கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

டைப்பிஸ்டம்மா ஆயுசு முழுக்க மற்றவர்கள் சொல்லச் சொல்ல அடித்தவர். இப்போது ஒவ்வொரு வாக்கியமாக, அடிப்பவருக்கு நேரம் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வலி போயிடுச்சு. இடது பாதம் வரலை, இனிமே வராது. ஒரு தடவை சீழ் வச்சுத் திறந்தாங்க. நடுவுல போயிடுவேன்னு நினைச்சாங்க, போகலை. பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். எத்தனை வருஷத்துக்குன்னு டாக்டருக்கும் தெரியலை. எதையும் விடாம சொல்லுங்க."

"பேக்கரிக்காரர் டாக்டர் பேரைக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்துட்டேன். இன்னும் போகலை போல. உங்க முடிவு தெரியட்டும்னு இருக்காராம்."

டைப்பிஸ்டம்மா தலையணையிலிருந்து எழ முயன்றார். இடுப்பில் கட்டிய பெல்ட் விடவில்லை.

"எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்றார். "செய்யறதும் செய்யாததும் அவர் இஷ்டம். ஆனா கால் மரத்துப்போறதுக்கு முன்னாடி போய்க் கேட்கச் சொல்லுங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க சிஸ்டர், ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பிடுவார்."

சிஸ்டர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார்.